தேரையின் சாட்சி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் பற்றிய உங்கள் கட்டுரை ஜான் ஹார்வி பிரபுவின் நினைவுக் குறிப்புகளையே பெரிதும் நம்பியிருக்கிறது. கவிஞர் அலெக்சாண்டர் போப் அந்த மனிதரை 'ஸ்போரஸ்' (ரோமப் பேரரசன் நீரோ விதையடித்து வைத்திருந்த ஆசைப்பிள்ளை) என்று பெயர் வைத்துக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறாரே. அரசிக்கு ஜால்ரா போட்டவர் எழுதியதை எப்படி நம்புவது?

கே.

அன்புள்ள கே.,

ஏவாளின் காதருகே குந்தியிருக்கும் தேரை, அதாவது அவளிடம் ஓதிக் கெடுக்க வந்த சாத்தான், என்கிறார் போப். சரிதான். எனக்கு அந்தத் தேரைதான் வேண்டும். 1730 முதல் பத்தாண்டுகள் ஹார்வி அரண்மனையில் துணைச் சேம்பர்லெயின் என்ற அதிகாரி. ஜாகையும் அங்கேயே. அரசி கரோலினோடு தினமும் பேச்சு. பிரதமர் வால்போலின் ஆள் வேறு. அங்கே கேட்டதை இங்கே சொல்வார், இங்கே கேட்டதை அங்கே. அந்த அறைகளுக்குள் காது வைத்திருந்தவர்களில் இவ்வளவு விரிவாக எழுதி வைத்தவர் வேறு யார்?

போப்பின் கவிதை 1735இல் வந்தது. அதில் ஹார்வியைக் கழுதைப்பால் தயிர் என்று ஓரிடத்தில் சொல்கிறார். ஹார்விக்கு வலிப்பு நோய். அதற்காகக் கழுதைப்பால் குடித்துப் பத்தியம் இருந்தார். நோயாளியின் பத்தியத்தைக் கிண்டல் செய்யும் வரி எத்தனை கச்சிதமாக இருந்தாலும் எனக்கு ரசிக்கவில்லை. (ஹார்வியும் லேசுப்பட்டவர் இல்லை. 1733இல் போப்பின் கூனைப் பழித்து வந்த கவிதையில் அவர் கையும் உண்டு என்பார்கள்.)

1737 நவம்பர் பக்கங்களைப் படித்துப் பாருங்கள். கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு வந்த குடலிறக்கத்தை அரசி பல ஆண்டுகள் வெளியே சொல்லாமல் மறைத்துவிட்டார். அது முற்றிப்போய், கத்தி வைத்தும் பயனில்லாமல், பதினோரு நாள் கிடந்து இறந்தார். நடுவில் ஒருநாள், நான் போனபின் வேறு கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்கிறார் கணவரிடம். மன்னர் விம்மிக்கொண்டே, "இல்லை, ஆசைநாயகிகளை வைத்துக்கொள்வேன்" என்கிறார். "கடவுளே, அதற்கு இது தடையில்லையே!" என்கிறார் அரசி. பேச்சு பிரெஞ்சில். ஹார்வி அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். ஜால்ரா போடுகிறவர் எழுதுகிற வரியா இது?

ஆனால் மன்னரின் மூத்த மகன் இளவரசர் ஃப்ரெடரிக் பற்றி அவர் எழுதியதில் பாதியைக் கழித்துவிட வேண்டும். இருவரும் ஒரு காலத்தில் இணைபிரியாதவர்கள். ஆன் வேன் என்ற பெண்ணை முன்னிட்டு நட்பு முறிந்தது. அப்புறம் இளவரசர் எது செய்தாலும் குற்றம். இதைக் கட்டுரையில் சொல்லாமல் விட்டது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

அந்த முறிவு நடந்த காலத்தைப் பற்றி அவரே என்ன எழுதினார் என்று பார்க்கலாம் என்றால் அதுவும் முடியாது. ஹார்வி 1743இல், 46 வயதில் இறந்தார். நூல் அச்சானது 1848இல்தான். அதற்குள் பேரன் கையெழுத்துப்படியில் சில பகுதிகளை அழித்துவிட்டார். 1730க்கும் 1732க்கும் நடுவிலான பக்கங்கள் அப்படித்தான் போயின.