வயர்லெஸ் ஸ்பீக்கர் கேள்வி பதில்: வாங்குவதற்கு முன்னும் வாங்கிய பின்னும்

கே: ஹாலுக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கணும் சார். ப்ளூடூத்தா, வைஃபையா?

ப: ஒரே அறை, ஒரே போன், சில நேரம் வெளியிலும் தூக்கிப் போக வேண்டும் என்றால் ப்ளூடூத் போதும். இரண்டு மூன்று அறையில் ஒரே பாட்டு ஒன்றாக ஓட வேண்டும், அழைப்பு வந்தாலும் பாட்டு நிற்கக் கூடாது என்றால் வைஃபை. ப்ளூடூத்தில் பாட்டு போன் வழியாகத்தான் போகும். போனை எடுத்துக்கொண்டு இரண்டு சுவர் தாண்டினால் விட்டு விட்டுக் கேட்கும். கூகுள் காஸ்ட், ஸ்பாட்டிஃபை கனெக்ட் போன்றவற்றில் ஸ்பீக்கரே இணையத்திலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும். போன் வெறும் ரிமோட். எதை வாங்கினாலும் ஆக்ஸ் இன்புட் (ஒயர் செருகிப் பாட வைக்கும் துளை) இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி ஆப்பைக் கைவிட்ட பிறகும் அந்த ஸ்பீக்கர் பாட அது உதவும்.

கே: வாங்கியாச்சு. பேஸ் மட்டும் கும்முனு இருக்கு, பேச்சு புரியவே மாட்டேங்குது. ஷோகேஸ்ல மூலைத் தட்டுல வச்சிருக்கேன்.

ப: ஸ்பீக்கர் மேல் தப்பில்லை, மூலைதான் காரணம். தாழ்ந்த ஒலி ஸ்பீக்கரைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவும். அருகில் சுவர் இருந்தால் அதில் பட்டுத் திரும்பி நேரொலியோடு சேர்ந்துகொள்ளும். ஒரு சுவருக்கு அதிகபட்சம் 6 டெசிபல் வரை பேஸ் ஏறலாம். மூலையில் இரண்டு சுவர், தட்டின் பலகை மூன்றாவது. குரல் இருக்கும் நடு அலைவரிசை அதற்குள் அமுங்கிப்போகும்.

முதலில் ஷோகேஸிலிருந்து வெளியே எடுங்கள். பின்சுவருக்கு 20 முதல் 30 செ.மீ. விடுங்கள். பக்கச் சுவருக்கு அதைவிடக் கூடுதலாக விடுங்கள். இரண்டு தூரமும் சமமாக இருக்க வேண்டாம். காரணம் இதுதான்: சுவரில் பட்டு வரும் ஒலி, தூரத்தைப் பொறுத்து ஏதோ ஓர் அலைவரிசையில் நேரொலியை அடித்துவிடும். ஸ்பீக்கரின் முகப்பு சுவரிலிருந்து 60 செ.மீ. என்றால் 143 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழும். பக்கச் சுவரும் அதே தூரத்தில் இருந்தால் அதே இடத்தில் பள்ளம் இன்னும் ஆழமாகும். ஆண்குரலின் அடிநாதம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

செய்தி வாசிக்கும் ஆண்குரல் ஒன்றை ஓடவிட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். இன்னொருவர் ஸ்பீக்கரை அரைச் சாண் அரைச் சாணாக நகர்த்தட்டும். இரைச்சல் விலகி ச, த எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். உயரம், உட்கார்ந்தால் உங்கள் காது இருக்கும் மட்டம். பின்னால் துளை இருந்தால் அதை எதுவும் அடைக்கக் கூடாது.

கே: 40 வாட், 60 வாட், எது?

ப: இரண்டுக்கும் வித்தியாசம் 2 டெசிபலுக்கும் குறைவு. ஒலி இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் பவர் சுமார் பத்து மடங்கு வேண்டும். வாட்டை விடுங்கள், டிரைவர் (உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்பும் வட்டக் கூம்பு) அளவையும் பெட்டியின் அளவையும் பாருங்கள்.

கே: எல்டிஏசி இல்லாத ஸ்பீக்கரை வாங்கவே கூடாதுங்கிறாங்க. எஸ்பிசி 328 கேபிபிஎஸ், எல்டிஏசி 990. மூணு மடங்கு சார்!

ப: இரண்டும் ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைகள், அதாவது கோடெக்குகள். கேபிபிஎஸ் என்பது நொடிக்கு எவ்வளவு தரவு போகிறது என்ற கணக்கு. 990 என்பது சிக்னல் மிக நன்றாக இருக்கும்போது மட்டும். இல்லாவிட்டால் 660, 330 என்று தானே இறங்கிவிடும். ஐபோனில் எல்டிஏசியே கிடையாது. நீங்கள் கேட்கும் பாட்டே ஏற்கெனவே சுருக்கப்பட்டதாக இருந்தால், எந்த கோடெக்கும் போனதை மீட்டுத் தராது.

மறுகேள்வி: எனக்கு வித்தியாசம் தெளிவா கேக்குது சார். காது பொய் சொல்லுமா?

ப: காது பொய் சொல்லாது. ஆனால் கோடெக் மாற்றும்போது சத்தம் ஒரு டெசிபல் ஏறினாலும் 'தெளிவு கூடிவிட்டது' என்றே தோன்றும். முதலில் இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்துங்கள். பிறகு நீங்கள் திரும்பி உட்கார, இன்னொருவர் காசு சுண்டிப் பார்த்து, ஆண்ட்ராய்டு போன் செட்டிங்ஸில் உள்ள டெவலப்பர் ஆப்ஷன்ஸில் கோடெக்கை மாற்றட்டும். எது ஓடுகிறது என்று பத்து முறை ஊகித்து எழுதிவையுங்கள். ஒன்பது சரியென்றால் உங்களுக்குக் கேட்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். குத்துமதிப்பாக அப்படி வர வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான்.

இன்னொருவர்: ஹெட்போன்ல எனக்கும் கேக்குது.

ப: இருக்கலாம், அங்கே அறை இல்லை. இங்கே பேச்சு ஸ்பீக்கரைப் பற்றி. மூலை ஒன்றே 6 டெசிபலுக்கு மேல் கெடுக்கிறது. எந்த கோடெக்கும் அந்த அளவு மாற்றாது. எல்டிஏசிக்காகச் சின்னப் பெட்டியை வாங்காதீர்கள். பெரிய பெட்டியை வாங்கி, சரியான இடத்தில் வையுங்கள்.

கே: வைஃபை ஸ்பீக்கர் ஆப்ல தெரியலை.

ப: போனும் ஸ்பீக்கரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். கெஸ்ட் வைஃபையில் ஒன்றை ஒன்று பார்க்காது. ரௌட்டரில் ஏபி ஐசோலேஷன் (கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கும் அமைப்பு) ஆனில் இருந்தாலும் அப்படியே. இரண்டாவது ரௌட்டர் போட்டிருந்தால் அதை அக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அது தனி நெட்வொர்க் நடத்தும். சில ஸ்பீக்கர் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான் சேரும். கடைசியாக, போனில் விபிஎன் ஓடுகிறதா பாருங்கள்.

கே: எனக்கும் ஆப்ல காட்டலை சார், என்ன செய்யலாம்?

ப: இதற்கு முந்தைய பதில்.

கே: டிவிக்கு ப்ளூடூத்ல போட்டா உதடு முன்னாடி, சத்தம் பின்னாடி வருது.

ப: ப்ளூடூத்தில் சாதாரணமாக 150–250 மில்லிசெகண்டு தாமதம் உண்டு. டிவியின் லிப்சிங்க் அமைப்பு பெரும்பாலும் ஒலியைத்தான் இன்னும் தாமதப்படுத்தும், படத்தை அல்ல. எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ இணைப்பு) அல்லது ஆப்டிகல் கேபிள் போடுங்கள்.

கே: ரெண்டு கம்பெனி ஸ்பீக்கரை ஸ்டீரியோவா சேர்க்கலாமா?

ப: பொதுவாக முடியாது. ஒரே மாடலில் இரண்டு வாங்குங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும், ஒவ்வொன்றுக்கும் உங்களுக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும்.

கே: புக் ஷெல்ஃப்ல புத்தகங்களுக்கு நடுவுல வைக்கலாமா? இடம் அங்கதான் இருக்கு.

ப: இதுவும் ஷோகேஸ்தான். வேறு வழியே இல்லையென்றால் ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்போடு ஒட்டி நிற்கும்படி முன்னால் இழுத்து, ஈக்யூவில் (ஆப்பில் பேஸ், ட்ரெபிள் கூட்டிக் குறைக்கும் இடம்) பேஸை 3, 4 டெசிபல் குறையுங்கள்.

கே: கார் ஸ்டீரியோவுக்கு எந்த ஆம்ப் நல்லது?

ப: என் துறை இல்லை. கார் ஆடியோ செய்பவரைக் கேளுங்கள்.

கே: பேட்டரி ஸ்பீக்கரை எப்பவும் சார்ஜ்லயே விடலாமா?

ப: வேண்டாம். லித்தியம் பேட்டரி முழு சார்ஜிலும் சூட்டிலும் வெகுநேரம் இருந்தால் கொள்ளளவு சீக்கிரம் குறையும். பேட்டரி பாதுகாப்பு மோட் இருந்தால் போட்டுவிடுங்கள். பல மாதம் தொடப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள், இடையிடையே எடுத்துப் பார்த்து ஏற்றுங்கள். மூலையில் வைக்காதீர்கள்.