சுரங்கத்தை மூடிய பிறகு

கே: யுரேனியச் சுரங்கத்தை மூடி நாற்பது வருஷம் ஆனபிறகும் பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதிக்கொண்டே இருக்கின்றனவே. பழைய கதையைக் கிளறுவதில் என்ன லாபம்?

ப: "பழைய கதை" என்று நானும் சொன்னவன்தான். செய்தி மேசையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். நிருபர் அலைந்து திரிந்து கொண்டுவந்த கட்டுரையை, "இதில் இன்றைக்கு என்னப்பா நடந்தது?" என்று கேட்டே பாதியாக வெட்டியிருக்கிறேன். யுரேனியத்திடம் அந்தக் கேள்வி எடுபடாது என்று புரிய எனக்கு ரொம்ப நாளாயிற்று.

ஜார்க்கண்டில் ஜாதுகூடா யுரேனியச் சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள தாதுவில் யுரேனியம் ஏறக்குறைய 0.06 சதவீதம்தான். ஒரு டன் பாறையை மாவாக அரைத்தால் அரைக் கிலோ சொச்சம் தேறும். மற்றதெல்லாம் சேறாகக் கழிவுக் குட்டைக்குப் போகிறது. யுரேனியம்தான் போய்விட்டதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் அந்தச் சேற்றிலேயே தங்கிவிடும். அதிலுள்ள ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு பிடிக்கும். அதிலிருந்து ரேடான் வாயு கசிந்தபடி இருக்கும். நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரேடான் சிதைந்து உண்டாகும் துகள்கள் மூச்சோடு போய் நுரையீரலில் படிகின்றன. சுரங்க வாசலுக்குப் பூட்டுப் போட்டாலும் அதெல்லாம் இதற்குத் தெரியாது.

கே: கண்ணுக்கே தெரியாத ஒன்றை நிருபர் எப்படித் துப்பறிகிறார்? நான் இதழியல் மாணவி.

ப: வீட்டுக்குள் போய்த் தரையைப் பார்த்துத்தான் அம்மா.

அமெரிக்காவின் தென்மேற்கில் நவஹோ பழங்குடியினரின் நிலத்திலிருந்து 1944 முதல் 1986 வரை சுமார் 3 கோடி டன் தாது வெட்டி எடுத்தார்கள். அணுகுண்டுப் போட்டி நடந்த காலம். பல ஆண்டுகள் அதை வாங்கியதே அந்நாட்டு அரசாங்கம்தான். கைவிட்டுப் போன சுரங்கங்கள் மட்டும் 500-க்கு மேல். குழிகளில் மழைத் தண்ணீர் தேங்கியது. ஆடுகள் குடித்தன, பிள்ளைகள் நீச்சலடித்தார்கள். பக்கத்திலேயே சுரங்கக் கழிவாக, அளவாக உடைந்த கல்லும் நைஸான மணலும் குவிந்து கிடந்தால் வீடு கட்டுகிறவர் சும்மா விடுவாரா? சுவருக்கும் அடுப்புக்கும் அள்ளிப்போனார்கள். மண்தரை வீட்டில் அந்த மணலைக் கலந்து சிமென்ட் தரை போட்டவர்களும் உண்டு. புழுதி பறக்காத வழவழப்பான தரை கிடைத்ததில் வீட்டுக்காரிக்கு எத்தனை சந்தோஷம் இருந்திருக்கும்! அதன்மேல்தான் வருஷக்கணக்கில் படுத்துத் தூங்கினார்கள்.

லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் நிருபர் ஜூடி பாஸ்டர்நாக் 2006 நவம்பரில் இதை நான்கு பகுதித் தொடராக எழுதினார். ஒரு கையில் இந்த வீடுகள், இன்னொரு கையில் அரசாங்கக் கோப்புகள். யாருக்கு எந்த வருஷத்தில் என்ன தெரியும் என்பது கோப்பில் தேதியோடு கிடக்கும். 1950-களில் அமெரிக்கச் சுகாதாரத் துறை சுரங்கத் தொழிலாளர்களைப் பரிசோதித்துப் பதிவு செய்துகொண்டே இருந்தது. ஆபத்தை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. தொடர் வந்தபின் 2007 அக்டோபரில் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரித்தது. 2008-இல் ஐந்தாண்டுத் துப்புரவுத் திட்டம் வந்தது. ஐந்தாண்டு போய் எத்தனையோ ஆண்டாயிற்று, வேலை இன்னும் முடியவில்லை.

கே: பெரிய விபத்து ஏதும் நடந்திருந்தால் உலகத்துக்கே தெரிந்திருக்குமே?

ப: 1979 மார்ச் 28, அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து. கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே வருஷம் ஜூலை 16, நியூ மெக்ஸிகோவில் சர்ச் ராக்? அங்கே யுரேனிய ஆலையின் கழிவு அணை உடைந்து 1,100 டன் கழிவும் சுமார் 35 கோடி லிட்டர் அமிலத் தண்ணீரும் புவெர்கோ ஆற்றில் கலந்தன. ஆற்றங்கரையில் இருந்தவர்கள் ஆடு மேய்க்கிற நவஹோக்கள். அவ்வளவுதான் விஷயம்.

கே: ஜாதுகூடாவில் நோய்க்கும் சுரங்கத்துக்கும் சம்பந்தமில்லை என்கிறது சுரங்க நிறுவனம். மருத்துவர் குழு ஒன்று பிறவிக் கோளாறுகள் கூடுதல் என்கிறது. எதை நம்புவது?

ப: இன்ன பிள்ளையின் இன்ன நோய் இந்தக் குட்டையால்தான் வந்தது என்று யாராலும் தனியாக நிரூபிக்க முடியாது. இது வக்கீல்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் குறைபாடுள்ள குழந்தையின் படத்தை முதல் பக்கத்தில் போடுவது எனக்குப் பிடிக்காது. வருகிற கேமராக்காரர்கள் எல்லாரும் அதே பிள்ளையைத்தான் உட்காரவைப்பார்கள். மறுத்துப் பேசுகிறவருக்கும் அது வசதி. மறுக்க முடியாததை எழுதுங்கள். 2006 டிசம்பரில் ஜாதுகூடாவில் கழிவுக் குழாய் உடைந்து சேறு ஓடையில் போனது. குட்டையிலிருந்து கடைசி வீடு எத்தனை அடி, வேலி இருக்கிறதா, குடிக்கிற தண்ணீரை யார் எப்போது சோதித்தார்கள், அந்த முடிவு ஊராருக்குக் கிடைத்ததா? இதெல்லாம் நடந்து போய்ப் பார்த்தால் தெரியும்.

கே: கதிர்வீச்சை அளக்கும் கெய்கர் கருவி ஒன்று வாங்கிக்கொண்டு போனால் போதுமா? (அதே மாணவி)

ப: போதாது. ரேடானை அது சரியாகக் காட்டாது. அதற்கென்று உள்ள அளவியை மாதக்கணக்கில் வீட்டுக்குள் வைத்துவிட்டு வர வேண்டும். தண்ணீருக்கு ஆய்வகம்தான் வழி. ஆனால் பையிலிருந்து கருவியை எடுப்பதற்கு முன்னால், வீட்டில் மூத்தவர் யாரோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தத் தரைக்கு மணல் எங்கேயிருந்து கொண்டுவந்தீர்கள்?" என்று கேளுங்கள்.