அரியர் வைத்திருக்கும் மகனிடம் என்ன கேட்பது?

அம்மா, மகனுக்கு மூன்று அரியர், கேட்டால் "நாளைக்குப் படிக்கிறேன்" என்கிறான், சுத்த சோம்பேறி என்று எழுதியிருக்கிறீர்கள். சோம்பேறி நிம்மதியாகத் தூங்குவான். உங்கள் மகன் ராத்திரி இரண்டு மணிவரை போனும் கையுமாக விழித்திருக்கிறான் என்று நீங்களேதான் சொல்கிறீர்கள். புத்தகத்தைத் திறந்தால் போன முறை ஃபெயிலானது நெஞ்சில் குத்தும். அதற்குப் பயந்து திறப்பதில்லை. திறக்கவில்லையே என்ற குற்ற உணர்ச்சி வேறு சேர, மறுநாள் திறப்பது இன்னும் கஷ்டமாகிறது.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்கு அவ்வளவாகத் தள்ளிப்போடவில்லை. செல்லம் கொடுத்தால் கெட்டுப்போவான் என்று பயப்படும் நமக்கு இது நம்பக் கஷ்டம்தான். மன்னிப்பது என்றால் கண்டுகொள்ளாமல் விடுவதல்ல. "தள்ளிப்போட்டது தப்பு, அதற்காக நான் உருப்படாதவன் இல்லை" என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியவேண்டும். நாம் தினமும் "உருப்படமாட்டே" என்றால் எப்படிச் சொல்லிக்கொள்வான்? அரியர் இருந்தால் கேம்பஸில் பல கம்பெனிகள் எடுக்காது என்பதும் அவனுக்குத் தெரியும். நீங்கள் நினைவூட்ட வேண்டாம்.

நண்பர்களை வெட்டிவிடச் சொல்லலாமா என்கிறீர்கள். கூடவே கூடாது. ஆனால் "மச்சி, நானும் ஒண்ணும் படிக்கல, விடுடா" என்பவன் தரும் ஆறுதலில் சாயங்காலம் முழுக்க டீக்கடையிலேயே போய்விடும். அதே பேப்பரை க்ளியர் செய்த ஒருவனைப் பிடிக்கட்டும். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். "யூனிட் 2 மட்டும் சொல்லிக்கொடுடா" என்று சின்னதாகக் கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

எங்கே தொடங்குவது? அண்ணா பல்கலைக்கழக வினாத்தாளில் பார்ட் ஏ என்பது பத்து டூ மார்க், மொத்தம் 20 மதிப்பெண். பழைய வினாத்தாள்களை எடுத்து ஒரு யூனிட்டின் டூ மார்க்குகளை மட்டும் எழுதிப் பார்த்து, நண்பனிடம் திருத்தக் கொடுக்கட்டும். முதல் வாரத்துக்கு அது போதும்.

சாப்பாடு, தூக்கம் கெட்டு, யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே கிடந்தால் இதெல்லாம் பிறகு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. மற்றபடி இன்று இரவு "எவ்வளவு படிச்சே?" வேண்டாம். "எந்தப் பேப்பரை முதல்ல எடுக்கப்போறே, யாரோட உட்காரப்போறே?" இந்த இரண்டை மட்டும் கேளுங்கள்.