அமெரிக்காவில் பழைய அலங்காரக் கண்ணாடிப் பொருட்களைச் சேகரிக்க எப்படித் தொடங்குவது? பழசு எது, புதுசு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸுக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். ஆன்டிக் மாலில் (பழம்பொருள் அங்காடியில்) இளஞ்சிவப்புக் கண்ணாடித் தட்டுகளைப் பார்த்து ஆசை வந்திருக்கிறது. "விலைச்சீட்டில் 1930கள் என்று எழுதியிருக்கிறார்கள், நம்பலாமா? பிற்பாடு விலை ஏறுமா?" என்பது அவர் கேள்வி. நானும் அதே ஊர்க்காரன், அதே நோய் உள்ளவன் என்பதால் எழுதுகிறேன்.

சீட்டை நம்பாதீர்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் அவருக்கே தெரியாது. பூ வேலைப்பாட்டைப் பார்த்து, புத்தகத்தில் உள்ள படத்தோடு ஒப்பிட்டு, அங்கிருக்கும் ஆண்டை எழுதி ஒட்டிவிடுவார். கண்ணாடி விஷயத்தில் அந்த வழி செல்லாது. உருகிய கண்ணாடியை வார்ப்பிரும்பு அச்சுக்குள் விட்டு மேலிருந்து அழுத்தி எடுப்பதுதான் இந்தத் தொழில். அச்சைச் செதுக்குவதற்குத்தான் பெரிய செலவு. செதுக்கிவிட்டால் பல பத்தாண்டுகள் உழைக்கும். கம்பெனி மூடினால் அச்சு கைமாறும், வாங்கியவர் மறுபடி அழுத்துவார். அதே பூ, அதே இலை, அதே விளிம்பு. சட்டப்படி அதில் தப்பு ஒன்றும் இல்லை. போலி என்றுகூடச் சொல்ல முடியாது. சேகரிப்பவனுக்குத்தான் தலைவலி.

இதற்கு நல்ல உதாரணம் உங்கள் ஊரிலேயே நடந்தது. கொலம்பஸில் இருந்த ஃபெடரல் கிளாஸ் 1932 முதல் 1939 வரை 'மாட்ரிட்' என்ற வடிவத்தில் தட்டு, கோப்பை எல்லாம் போட்டது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்துச் சரக்கு. இயந்திரத்தில் அழுத்தியது, மலிவு. அந்தக் காலத்தில் இந்த மாதிரிச் சாமான்களை ஓட்ஸ் பெட்டிக்குள் வைத்தும், சினிமாக் கொட்டகையில் டிக்கெட்டோடும் இலவசமாகக் கொடுத்தார்கள். 1976இல் அமெரிக்க சுதந்திரத்தின் இருநூறாம் ஆண்டு வந்தபோது, ஃபெடரல் அதே மாட்ரிட்டை 'ரெகலெக்‌ஷன்' என்று பெயர் மாற்றி அம்பர் (தேன்) நிறத்தில் திரும்பவும் இறக்கியது. நாணயமாக, வேலைப்பாட்டுக்குள் '76' என்று சின்னதாகப் பொறித்தும் வைத்தது. சேகரிப்பவர்கள் முணுமுணுத்தாலும் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு அந்த அச்சுகள் இண்டியானா கிளாஸிடம் போயின. அவர்கள் 76ஐ எடுத்துவிட்டு, இளஞ்சிவப்பு, நீலம், நீலப்பச்சை என்று வரிசையாக அழுத்தித் தள்ளினார்கள். இன்று ஆன்டிக் மாலில் உள்ள இளஞ்சிவப்பு மாட்ரிட்டில் கணிசமானது இந்த வகை. நீலப்பச்சையாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், 1930களில் மாட்ரிட் அந்த நிறத்தில் வந்ததே இல்லை.

அச்சு கிடைக்காவிட்டாலும் விடுவதில்லை. ஜெனெட் கம்பெனியின் செர்ரி பிளாசம் வடிவத்துக்கு 1970களில் புது அச்சே செய்து வார்த்தார்கள். அதில் இலை நரம்பு மழுங்கியிருக்கும், பழம் தட்டையாக இருக்கும். பழசு ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். தனியாகப் பார்த்தால் தெரியாது.

முத்திரை இருக்கிறதே என்று கேட்பீர்கள். முத்திரையும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு கதை பேசும். ஒஹாயோவின் நியூவார்க்கில் இருந்த ஹைசி கம்பெனி (1896–1957) வைரக் கட்டத்துக்குள் 'எச்' போடும். அது மூடிய பிறகு, 1958இல் பெல்லேர் ஊரின் இம்பீரியல் கம்பெனி ஹைசியின் அச்சுகளை வாங்கியது. முதல் சில ஆண்டுகள் அந்த எச்சை அழிக்காமலேயே வார்த்தது. ஆக, எச் இருப்பதால் மட்டும் ஹைசி ஆகிவிடாது. அதே சமயம் முத்திரையே இல்லாத அசல் ஹைசியும் ஏராளம். அங்கே நிறம்தான் துப்பு: கேரமல் நிறத்தில் சுழி சுழியாக ஒரு ஹைசி மிருக பொம்மையைப் பார்த்தால் அது இம்பீரியல் வார்த்தது. 1984இல் இம்பீரியலும் மூடியபோது, ஹைசி சேகரிப்பாளர் சங்கத்தினர் பணம் திரட்டி அநேகமாக எல்லா ஹைசி அச்சுகளையும் விலைக்கு வாங்கினார்கள், இனி யாரும் இஷ்டத்துக்கு வார்க்கக் கூடாது என்று. எனக்கு இந்தப் பொழுதுபோக்கிலேயே மிகவும் பிடித்த சம்பவம் இதுதான். நியூவார்க்கில் அவர்கள் நடத்தும் அருங்காட்சியகம் உங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். கடைக்குப் போவதற்கு முன் அங்கே போங்கள்.

ஃபென்டன் விஷயம் நேர் எதிர். 1905இல் தொடங்கி, 1907 முதல் மேற்கு வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்டவுனில் சொந்த உலை வைத்த கம்பெனி. சூடான கண்ணாடியின் மேல் உலோக உப்புக் கரைசலைத் தெளித்தால் மேற்பரப்பில் மயில் கழுத்து மாதிரி நிறங்கள் ஓடும். டிஃபனி என்ற ஆடம்பரக் கண்ணாடிக் கம்பெனி பெரிய விலைக்கு விற்ற மினுமினுப்பைச் சாமானியனுக்குச் சில்லறைக் காசில் கொடுத்தார்கள். பிற்காலத்தில் கார்னிவல் கிளாஸ் என்று பெயர் பெற்றது இதுதான். நார்த்வுட், இம்பீரியல், டூகன் எல்லாரும் பின்தொடர்ந்தார்கள். (நம் நாட்டில் ஃபிரோசாபாத்தின் ஜெயின் கண்ணாடித் தொழிற்சாலையும் இந்த மினுமினுப்பு டம்ளர்களைச் செய்தது, அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.) ஃபென்டன் தன் பெயரை நீள்வட்டத்துக்குள் அச்சிலேயே பொறிக்கத் தொடங்கியது 1970இல்தான். கீழே 8 என்ற எண் இருந்தால் 1980கள், 9 இருந்தால் 1990கள். எனவே "முத்திரையோடு, நூறாண்டுப் பழசு" என்று ஒருவர் ஃபென்டன் கார்னிவல் கிண்ணத்தை நீட்டினால், அவர் தன் வாயாலேயே மறுத்துக்கொள்கிறார் என்று பொருள்.

அடுத்தது டார்ச். இப்போது புற ஊதா டார்ச்சோடு கடை கடையாக அலைகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. பச்சையாக ஒளிர்ந்தால் யுரேனியக் கண்ணாடி, யுரேனியம் என்றால் பழசு என்பது அவர்கள் கணக்கு. பாதிதான் சரி. போர்க்காலத்தில், 1943இல் அமெரிக்க அரசு யுரேனியத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது, 1958இல்தான் கண்ணாடிக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த இடைவெளிக்குள் ஆங்கர் ஹாக்கிங் தொடங்கிய ஃபயர்-கிங் ஜேடைட் (பால் கலந்தாற்போன்ற பச்சைக் கண்ணாடி) கோப்பைகள் ஒளிராததற்கு அதுவே காரணம். ஆனால் 1958க்குப் பிறகு ஃபென்டன் உட்படப் பலர் மறுபடி யுரேனியம் சேர்த்தார்கள். போதாததற்கு மாங்கனீஸ் கலந்த கண்ணாடியும் வெளிறிய பச்சையில் மினுங்கும். டார்ச் வாங்குங்கள், வேடிக்கையாக இருக்கும், வயதுச் சான்றிதழ் தராது.

பிறகு எதைத்தான் பார்ப்பது? கண்ணாடியை. அடிப்பாகத்தில் பல ஆண்டுகள் மேசையில் உரசிய நுண்கீறல்கள் ஒழுங்கில்லாமல், தரையைத் தொடும் இடத்தில் மட்டும் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே திசையில் ஓடினால் யாரோ உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்கள். பெருமந்தக் காலத்து மலிவுச் சரக்கில் குமிழி, அலை, மயிரிழை போன்ற கோடு எல்லாம் இயல்பு, அதைப் பழுதென்று ஒதுக்க வேண்டாம். விளிம்பை மட்டும் விரல் நகத்தால் ஒரு சுற்று தடவுங்கள். கண்ணுக்குத் தப்பிய சின்ன உடைசல் நகத்துக்குத் தப்பாது. பூச்சாடியின் உட்புறம் எண்ணெய்ப் பசையோடு பளபளத்தால் சந்தேகப்படுங்கள். தண்ணீர் தேங்கி அரித்த வெண்படலத்தை மறைக்க மினரல் ஆயில் தடவுகிற பழக்கம் உண்டு, வீட்டில் சோப்பு போட்டதும் படலம் திரும்பிவிடும். உங்கள் பங்குக்கு இவற்றை டிஷ்வாஷரில் போட்டு அதே கதிக்கு ஆளாக்காதீர்கள்.

விலை ஏறுமா? பெரும்பாலும் இல்லை. இணைய ஏலம் வந்தபின், அரிது என்று நினைத்திருந்ததெல்லாம் நாடு முழுக்க அலமாரி அலமாரியாக இருப்பது தெரிந்துபோனது. முன் தலைமுறைச் சேகரிப்பாளர்களின் வீடுகள் எஸ்டேட் சேலுக்கு (இறந்தவர் வீட்டுச் சாமான் விற்பனைக்கு) வர வர, வரத்து இன்னும் கூடுகிறது. சிவப்புக் கார்னிவல் போன்ற சில அபூர்வங்கள் விதிவிலக்கு, அவற்றின் விலையில் ஆரம்பிக்க வேண்டாம். முதலீடு என்றால் வேறு இடம் பாருங்கள். வாங்கிப் பார்த்து மகிழ்வதற்கென்றால் இதைவிட மலிவான காலம் வாய்க்காது.

முதல் கொள்முதலாக நான் சொல்வது: அம்பர் மாட்ரிட் தட்டு இரண்டு, ஒன்று 76 உள்ளது, மற்றது இல்லாதது. இரண்டும் மலிவாகவே கிடைக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதியதன் அம்பர் சற்று அழுத்தமாக இருக்கும். அந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழகிய பிறகு இளஞ்சிவப்புக்குப் போகலாம்.