கோடைப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் முன் பாதுகாப்பு பற்றி என்ன கேட்க வேண்டும்?

முதலில், வகுப்பு முடிந்ததும் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பார்கள் என்று கேளுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்தவர்களைத் தவிர வேறு யார் வந்தாலும், சொந்த மாமா என்றே சொன்னாலும், உங்களுக்கு போன் செய்யாமல் அனுப்பக்கூடாது. மூடிய அறையில் ஒரு பெரியவர் ஒரு குழந்தையுடன் தனியாக இருக்கக்கூடாது என்ற விதி உண்டா என்பதையும் கேளுங்கள்.

நீச்சல் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையாட்டிக் கூப்பிடாது. ஒரு நிமிடத்துக்குள் சத்தமில்லாமல் முங்கிவிடும். அதனால் தண்ணீரைக் கவனிப்பவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலையே இருக்கக்கூடாது, கையில் போனும் கூடாது. சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளரே காவலும் பார்த்துக்கொள்வார் என்றால், நான் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

அப்புறம், ஆஸ்துமா, அலர்ஜி இருந்தால் மருந்தையும் அதைக் கொடுக்கும் முறையையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.