தாத்தாக்களும் உறுமல்களும்

அன்புள்ள சார்,

கல்லூரி விடுதியில் பிங்க் ஃபிளாய்ட் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவன் நான். அப்புறம் வேலை, கல்யாணம், வீட்டுக் கடன். இப்போது பையன் வெளியூரில் படிக்கப் போய்விட்டான், காது திரும்பக் கிடைத்திருக்கிறது. புரோக்ரசிவ் ராக் ரசிகர்கள் 2024-இல் வந்த புது ஆல்பங்களில் தங்களுக்குப் பிடித்தவை என்று போட்ட பட்டியல்கள் சிலவற்றைப் பார்த்தேன். தலை சுற்றியது. ஒரு பக்கம் எழுபதைத் தாண்டிய கிட்டார்காரர்கள், பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோரும் பழைய ஜெனிசிஸ் குழுவின் ஸ்டீவ் ஹாக்கெட்டும். இன்னொரு பக்கம் தொண்டை கிழிய உறுமும் டெத் மெட்டல் குழுக்கள். இதில் 'புரோக்ரசிவ்' எங்கே இருக்கிறது? பழசைக் கட்டிக்கொண்டு அழுகிற கூட்டமாகத்தானே தெரிகிறது? பாட்டு இருபது நிமிடம் ஓடினால் போதுமா? இந்த இசையைக் கேட்பவர் என்று நீங்கள் முன்பு ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அந்த ஆண்டில் வந்ததில் எதைக் கேட்கலாம் என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

கே., திருச்சி

அன்புள்ள கே.,

நல்லவேளை, 'புரோக்ரசிவ்' என்றே எழுதினீர்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு சிற்றிதழுக்கு எழுதும்போது 'முற்போக்கு ராக்' என்று தமிழ்ப்படுத்தித் தொலைத்தேன். படித்த தோழர் ஒருவர் போன் செய்து, "இவங்க எந்த அணி?" என்று விசாரித்தார். அதிலிருந்து ரசிகர்கள் சொல்கிறபடி 'ப்ராக்' என்றே விட்டுவிட்டேன்.

பெயரை வைத்துக் கேள்வி கேட்டால் பதில் கிடைக்காது. எங்கள் தெருவில் சின்னத்தம்பி என்று ஒருவர் இருக்கிறார். வயது எழுபத்து மூன்று. பேரன் பேத்தி எடுத்தாயிற்று, இன்னும் சின்னத்தம்பிதான். ப்ராக்கும் அப்படி ஒரு சின்னத்தம்பி. 1969-இல் கிங் கிரிம்சன் என்ற ஆங்கிலக் குழுவின் முதல் ஆல்பம் வந்தபோது, மூன்று நிமிடப் பாட்டுக்குள் அடங்காமல் ராக் இசை ஜாஸ் பக்கமும் மேற்கத்திய செவ்வியல் பக்கமும் கை நீட்டியது புதுசு. 1972-இல் யெஸ், ஜெனிசிஸ், ஜெத்ரோ டல் குழுக்களின் ஆல்பங்கள் வரிசையாக வந்தபோதும் புதுசு. இருபது நிமிடம் என்பதுகூட எல்.பி. இசைத்தட்டின் ஒரு பக்கம் கொள்ளும் அளவுதான். ஜெத்ரோ டல் அந்த வருடம் ஒரே பாட்டை இரண்டு பக்கத்துக்கும் இழுத்து, நடுவில் ஆளை எழுப்பித் தட்டைத் திருப்பிப் போட வைத்தார்கள். ஐந்து, ஏழு, ஒன்பது என்று தாளம் போவதெல்லாம் ராக் ரசிகர்களுக்கு அதிசயமாக இருந்தது. கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்று பேர் வைத்துப் புழங்குகிற ஊரில் பிறந்த நமக்கு அது பெரிய விஷயமில்லை. ஆகவே நீளத்துக்கும் தாளத்துக்கும் மட்டும் மார்க் போடவேண்டாம் என்பதில் உங்கள் கட்சிதான் நான்.

நான் ஒப்புக்கொள்ளாத இடம் வேறு. தாத்தாக்கள் ஒரு பக்கம், உறுமுகிறவர்கள் ஒரு பக்கம் என்று கோடு போட்டுப் பிரித்துவிட்டீர்கள். 2024-இன் நல்ல ஆல்பங்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், இரண்டு தரப்பும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பது தெரியும்.

கில்மோரிலிருந்தே தொடங்கலாம், உங்கள் கேசட் நினைவுக்காக. 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' செப்டம்பரில் வந்தது. ஒன்பது வருடம் கழித்து அவர் தனியாகப் போட்ட ஆல்பம். அப்போது அவருக்கு 78 வயது. தயாரிப்புக்கு அவர் கூப்பிட்ட ஆள் சார்லி ஆண்ட்ரூ, ஆல்ட்-ஜே என்ற இளைஞர் குழுவோடு வேலை செய்தவர். அவருக்கு கில்மோரின் பழைய பெருமை மீது பெரிய பயபக்தி எதுவும் இல்லை. 'இந்த இடத்தில் கிட்டார் தனிவாசிப்பு எதற்கு?', 'எல்லாப் பாட்டும் ஏன் தேய்ந்து தேய்ந்தே முடிகிறது, சிலது பட்டென்று முடியக்கூடாதா?' என்று கேட்டாராம். இதைச் சிரித்துக்கொண்டே வெளியில் சொன்னவர் கில்மோரேதான். கில்மோரிடம் போய் கிட்டார் எதற்கு என்று கேட்க ஒரு தைரியம் வேண்டும். அதைக் கேட்டுக்கொள்ள அதைவிடப் பெரிய மனசு வேண்டும்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது தலைப்புப் பாட்டில். அதற்கு அடிப்படை 2007-இல் கில்மோர் வீட்டுக் களஞ்சியக் கொட்டகையில் சும்மா உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்த ஒரு துண்டு. அதில் கீபோர்டு வாசிப்பவர் பிங்க் ஃபிளாய்டின் ரிச்சர்ட் ரைட். மறுவருடம் ரைட் இறந்துபோனார். பதினேழு வருடம் கழித்து அந்த விரல்கள் ஒரு புதுப் பாட்டுக்குள் நடமாடுகின்றன. பிங்க் ஃபிளாய்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு யாரும் பெயர் சொல்லவேண்டியதில்லை. முதல் சில தொடுதலிலேயே, அட, இது நம்ம ஆள், என்று தெரிந்துவிடும். சேர்த்துக் கொடுத்திருக்கும் மூலப் பதிவு பதினான்கு நிமிடம் போல ஓடுகிறது. அதையும் விடாதீர்கள். இதே ஆல்பத்தில் கில்மோரின் மகள் ரோமனி ஒரு பாட்டு பாடுகிறார், ஹார்ப்பும் அவரே. என் கணக்கில் ஆல்பத்தின் சிறந்த பாட்டு அதுதான். இதைச் சொல்லி ஒரு நண்பரோடு இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது.

ஹாக்கெட் ஆல்பம் பற்றி ஒரு வரி போதும். கிட்டார் பிரமாதம், ஆனால் அடுத்து எந்தத் திருப்பம் வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்துகொண்டிருந்தது. உங்கள் 'பழசு' என்ற குற்றச்சாட்டை அங்கே வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

பிக் பிக் டிரெய்ன் என்ற ஆங்கிலக் குழு நீங்கள் பார்த்த பட்டியல்களிலும் இருந்திருக்கும். அவர்கள் பாடகர் டேவிட் லாங்டன் 2021 நவம்பரில் வீட்டில் நடந்த ஒரு விபத்தில் போய்ச் சேர்ந்தார். இங்கிலாந்தின் ரயில்களையும் வயல்களையும் பாடிக்கொண்டிருந்த குழுவுக்கு அடுத்து வந்த குரல், இத்தாலியின் திரியெஸ்தே நகரத்துக்காரர் ஆல்பர்டோ பிராவின். அவரோடு போட்ட முதல் ஸ்டுடியோ ஆல்பம் 2024 மார்ச்சில் வந்த 'தி லைக்ஸ் ஆஃப் அஸ்'. அதில் 'மிராமாரே' என்று ஒரு பாட்டு, திரியெஸ்தே கடலோரத்து மாளிகையைப் பற்றியது. அதைக் கட்டிய ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன், மெக்சிகோவுக்குப் பேரரசராகப் போய் 1867-இல் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவி ஷார்லட்டுக்குப் புத்தி பேதலித்தது. வீட்டுக்கு வந்த மருமகன் தன் ஊர்க் கதையை எடுத்துவிட, மாமனார் வீடே உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருக்கிறது அந்தப் பாட்டு. இழந்தவரைப் போலவே பாடும் ஒருவரைத் தேடாமல் வேறு ஊர்க் குரலைக் கொண்டுவந்ததுதான் அவர்கள் செய்த நல்ல காரியம்.

சரி, உறுமல்.

ஸ்வீடனின் ஓபெத் குழு டெத் மெட்டலில் தொடங்கியது. தலைவர் மிகேல் ஓகெர்ஃபெல்ட் எழுபதுகளின் ப்ராக் இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிற பைத்தியம். 2008-க்குப் பிறகு உறுமுவதையே நிறுத்திவிட்டு, நான்கு ஆல்பங்கள் முழுக்கச் சாதாரணக் குரலில் பாடினார். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். 2024 நவம்பரில் வந்த 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' ஆல்பத்தில் உறுமல் திரும்பி வந்தது. பெயரே சொல்கிறது, இது ஒரு உயில். முதல் உலகப்போருக்குப் பிந்திய காலம். பணக்காரக் குடும்பத் தலைவர் செத்துப்போயிருக்கிறார், மாளிகையில் உயில் வாசிக்கிறார்கள். இரட்டைப் பிள்ளைகள் இருவரும் வந்திருக்கிறார்கள். கூடவே, அந்த வீட்டில் வளர்ந்த, போலியோ தாக்கிய ஒரு பெண். இவள் எதற்கு இங்கே என்று இரட்டையர் முகத்தைச் சுளிக்கிறார்கள். முதல் ஏழு பாட்டுகளுக்குத் தலைப்பே கிடையாது. சட்டப் பத்திரத்தில் பத்திக்குப் போடும் குறியும் எண்ணும் மட்டும். எட்டாவதுக்கு மட்டும் பெயர் உண்டு, ஏனென்றால் அது உயிலுக்கு வெளியே நடப்பது.

இதை நான் முதன்முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஹெட்போன் பழுதாகிக் கிடந்ததால் கூடத்து ஸ்பீக்கரில் போட்டேன். இரண்டு நிமிடத்தில் மனைவி தோசைக் கரண்டியோடு வந்து நின்றார். "யாருங்க அது, அந்தாளுக்கு வயித்துவலியா?" உயில் எழுதி வைத்துவிட்டுச் செத்தவர் பேசுகிறார் என்றேன். அந்த நேரம் பார்த்து உறுமல் அடங்கி, ஒரு கிழட்டு ஆங்கிலக் குரல் நிறுத்தி நிதானமாக வாசிக்க ஆரம்பித்தது. வக்கீல் குமாஸ்தா பத்திரம் படிக்கிற அதே தொனி. அந்தக் குரல் யாருடையது தெரியுமா? ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சன், ஆல்பம் வந்தபோது வயது 77. 1972-இல் தட்டைத் திருப்பிப் போட வைத்தவர். பிறகு புல்லாங்குழலும் வாசிக்கிறார். நீங்கள் சொல்லும் தாத்தாவும் உறுமலும் ஒரே பாட்டுக்குள்!

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து சோபா நுனியில் உட்கார்ந்தார். நான் பாட்டு வரிகளைப் பார்த்துப் பார்த்து, உத்தேசமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மூன்றாவது பத்தியிலேயே, "அந்தப் பொண்ணு யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார். இருபது வருடம் சீரியல் பார்த்த அனுபவம் வீண்போகுமா? உறுமல் எங்கே வருகிறது என்பதையும் அவர்தான் கவனித்தார். செத்தவர் மனசில் இருக்கிற அசிங்கம் வெளியே வருகிற இடங்களில் அந்தக் குரல் வருகிறதாம். பதினைந்து வருடமாக மெட்டல் கேட்கிற எனக்கு இது தோன்றவில்லை.

பிளட் இன்கன்டேஷன் இன்னும் ஒரு படி மேலே. அமெரிக்காவில் டென்வர் நகரத்து டெத் மெட்டல் குழு. 'அப்சல்யூட் எல்ஸ்வேர்' ஆல்பத்தைப் பதிவு செய்ய பெர்லினின் ஹான்சா ஸ்டுடியோவுக்குப் போனார்கள், 1977-இல் பெர்லின் சுவருக்குப் பக்கத்தில் பாடகர் டேவிட் போவி 'ஹீரோஸ்' ஆல்பத்தைப் பதிவு செய்த அதே இடம். மொத்தம் இரண்டே படைப்புகள், ஒவ்வொன்றும் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல், மூன்று மூன்று பகுதிகளாக. ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் ஜெர்மானிய மின்னணு இசைக்குழு டாஞ்சரின் ட்ரீமின் தற்போதைய தலைவர் தோர்ஸ்டன் குவேஷ்னிங் ஒரு பகுதியில் சேர்ந்திருக்கிறார். கல் உடைக்கிற மாதிரி டிரம்ஸ் அடித்துக்கொண்டே இருப்பார்கள், திடீரென்று கதவு திறந்து வெளியே வெட்டவெளி. நட்சத்திரம், சின்தசைசர், மிதக்கும் ஒரு கிட்டார். பிங்க் ஃபிளாய்டின் நடு எழுபதுகள் உங்கள் ரத்தத்தில் இருப்பதால் அந்த இடம் உங்களைக் கட்டாயம் பிடித்துக்கொள்ளும். அங்கே போய்ச் சேர உறுமலைத் தாண்டித்தான் ஆகவேண்டும், குறுக்குவழி இல்லை.

ஆஸ்திரேலியாவின் கலிகுலாஸ் ஹார்ஸ் குழு ஜனவரியிலேயே கொண்டுவந்த 'சார்கோல் கிரேஸ்' நல்ல ஆல்பம், தலைப்புப் படைப்பு நான்கு பகுதி. டிசம்பரில் பட்டியல் போடும்போது ஜனவரி ஆல்பத்தை மறந்துவிடுகிற பழக்கம் எனக்கும் உண்டு என்பதால் சொல்லிவைக்கிறேன். ஆங்கிலப் பாடகர் ஜார்டி கிரீப்பின் 'தி நியூ சவுண்ட்' ப்ராக்தானா என்று ரசிகர்கள் சண்டை போட்டார்கள். பாதியை பிரேசில் இசைக்கலைஞர்களை வைத்துச் செய்திருக்கிறார். எனக்கு ஒரே நேரத்தில் எரிச்சலும் பொறாமையும் வந்தது. அதை இரண்டாவது மாதத்துக்கு ஒதுக்குங்கள்.

முதலில் கில்மோரின் கொட்டகைப் பதிவு, அப்புறம் மிராமாரே, ஒரு வாரம் கழித்து ஓபெத்தின் எட்டுப் பாட்டையும் வரிசை மாற்றாமல், நடுவில் எழுந்திருக்காமல். ஐம்பது நிமிடம்தான். எட்டாவது பாட்டில் ஒரு கடிதம் வந்து சேரும். அதில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். அது வரை சரியாகக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் இருந்த என் மனைவி, அதைக் கேட்டு "அட கடவுளே" என்று சொல்லிவிட்டுத் தோசை சுடப் போனார். ஹெட்போன் இல்லாமல் ஸ்பீக்கரில் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினால், சொத்துத் தகராறு நடக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.