கால் குளியல் இயந்திரத்தால் உடலில் சேர்ந்த ஈயம் வெளியேறுமா?

வெளியேறாது. என் அப்பாவை இரண்டு முறை அழைத்துப் போய்ப் பணம் கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அப்பா இருபத்தாறு ஆண்டுகளாகப் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். வயிற்று வலியும் ஓயாத அசதியும் வந்தபோது, நச்சு நீக்கும் நிலையம் ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். வெந்நீர்த் தொட்டியில் ஒரு கரண்டி உப்பைப் போட்டு, காலுக்குப் பக்கத்தில் ஓர் உலோகச் சுருளை இறக்கினார்கள். பத்தே நிமிடத்தில் தண்ணீர் செம்மண் கரைசலாகி, மேலே நுரை கட்டியது. "இவ்வளவும் உங்கள் உடம்பில் இருந்ததுதான் ஐயா" என்றார்கள். அப்பா அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள் கலங்கிவிட்டன.

இரண்டாம் முறை, காலை வைக்காமலே இயந்திரத்தை ஓட விடச் சொன்னேன். தண்ணீர் அதே போலச் சிவந்தது. உப்பு நீரில் மின்சாரம் பாயும்போது சுருளில் உள்ள இரும்பு அரித்துத் துருவாகிறது, அவ்வளவுதான். பெரியவர்களின் உடலில் தங்கும் ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. அது பல ஆண்டுகளாக மெல்லக் கசிந்து, பெரும்பாலும் சிறுநீர் வழியே வெளியேறும். பாதத்தில் அதற்கு வழியே கிடையாது.

அங்கேயே ஒரு பஸ்பமும் கொடுத்தார்கள். வாங்காதீர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 14 மருந்துகளில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. எதை வெளியேற்றப் போகிறோமோ அதையே விழுங்க வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்க வேண்டியது இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கும் பரிசோதனை. அப்பாவுக்கு ஒரு டெசிலிட்டருக்கு 46 மைக்ரோகிராம் இருந்தது. ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் உண்மையிலேயே இருக்கின்றன; ஆனால் அவற்றை மருத்துவர் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும். 2005-இல் பென்சில்வேனியாவில் ஆட்டிசத்துக்கென்று அப்படி ஒரு மருந்தை ஏற்றியதில், கால்சியம் சரிந்து ஐந்து வயதுச் சிறுவன் இறந்துபோனான். அப்பாவுக்கு மருத்துவர் அந்த மருந்தை எழுதவில்லை. உலைப் பக்கமே போகக் கூடாது என்றார். இரும்புச்சத்துக் குறைவைச் சரிசெய்தார். பத்து மாதத்தில் அளவு 21-க்கு இறங்கியது.

இப்போது அப்பா கணக்கு எழுதும் மேசைக்கு மாறிவிட்டார். பட்டறையிலேயே குளித்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருகிறார். வந்ததும் மடியில் ஏற, என் மகள் வாசலிலேயே காத்திருப்பாள்.